ஒத்தக் கொக்கி

ஒத்தக் கொக்கியிலதான் போறார் முன்னால அத்தான், எங்க அக்கா வீட்டுக்காரர். காத்துல கண்ணு தண்ணி கட்டுது, அதுனாலதான் சரியாத் தெரியலையோன்னு கையுறையால தொடச்சிட்டு இன்னொரு தடவையும் பாத்துட்டேன். ஒண்ணுதான் கயித்துல கெடக்கு, இன்னொண்ணு அத்தான் இடுப்புல இருந்து சும்மா தொங்கி ஆடிக்கிட்டு வருது. அட மாதாவே. ஆளுக்கு ரெண்டு கொக்கி எதுக்குக் குடுத்திருக்கான்? இந்தக் கம்பி வலைப் பாதையில கைப்பிடிக் கயித்த ஒவ்வொரு கம்பத்துலயும் இறுக்கிக் கட்டியிருக்கு, கொக்கி அந்தக் கட்டத் தாண்டாது, ஒண்ணக் கழத்திக் கம்பத்துக்கு அங்கிட்டு மாட்டணும், பெறவு அடுத்ததக் கழத்தி மாட்டணும், எந்நேரமும் ஒண்ணாவது மாட்டிக் கெடக்கணும், அதுக்குத்தான் ரெண்டு. ஒண்ணே ஒண்ண வச்சிக்கிட்டுப் போனா அதக் கழத்துத நேரத்துக்கும் மாட்டுத நேரத்துக்கும் நடுவுல மனுசன் எதுலயும் இல்ல. சும்மா நிக்கான். கீழ கடல். கடல்னும் சொல்ல முடியாது, பள்ளிக்கூடத்துல ஜலசந்தின்னு படிச்சமே அது, ரெண்டு பெரிய கடலுக்கு நடுவுல இடுக்கி ஓடுத தண்ணி. பேருதான் இடுக்கு, அக்கரையப் பாக்கணும்னா வெயில் நல்லாத் தெளிஞ்சிருக்கணும். இதுக்கு மேலதான் பாலம் கட்டுதோம், கரைக்கு ஒண்ணா ரெண்டு இரும்புக் கோபுரம், அதுல இருந்து இதுக்கு ரெண்டு கேபிள், பென்சில் மொத்தத்துல கம்பி ஆயிரக்கணக்குல சேத்து நெருக்கிக் கட்டுனது, ரெண்டு பேரு கையக் கோத்தாத்தான் கட்டிப் பிடிக்கலாம். அதுக்குக் கீழ ஆளு நடக்க இந்த வலை. ரோட்ட இனிமேத்தான் தொங்கவிடணும். இன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் வேல நடுவுல, கேபிளக் கவ்வுத கிளாம்பு போல்ட்ட முடுக்கணும். இந்தா அடுத்த கம்பம் வருது. கழத்துதார். மாட்டு, மாட்டு, மாட்டிருங்க அத்தான். மாட்டிட்டார்.

கூப்பிட்டாத்தான் என்ன. அத்தான்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தானே. கூப்பிட்டா திரும்புவார், திரும்பினாக் கீழ பாப்பார், கீழ பாத்தா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும், எனக்கு மட்டுந்தான் தெரியும். போன மாசம் இதே எடத்துலதான் ஒரு காத்து அடிச்சி வலை சரிஞ்சிது, பெரிசா ஒண்ணுமில்ல, ஊஞ்சல்ல ஒரு உந்து உந்துன மாதிரி. நான் கயித்தப் பிடிச்சிட்டுத் முன்னால பாக்கேன், எங்க அத்தான், கஸ்பார் சம்மாட்டி, எங்க கரையில கஸ்பார்னு சொன்னா எந்தப் பெரிய காத்துலயும் மீன்பிடி போட்டக் கடல்ல எறக்குத ஆளு, வலையில குப்புறக் கெடக்கார். ரெண்டு கையும் கம்பியப் பிடிச்ச பிடி விடல. ஒவ்வொரு வெரலா நான்தான் எடுத்து விட்டேன். அந்த வெரல் இருந்த குளிர்ச்சி, சே. வாக்கி டாக்கியில எங்க மலையாளத்து மேலதிகாரி குரியன் சார் கேக்கார், என்ன ரெமீ, எந்தா நின்னுபோச்சு? நான் சொன்னேன், ஸ்பேனர் வலையில மாட்டிக்கிட்டு சார், எடுத்துட்டு வாரோம். வாய் கூசாமச் சொன்னேன். அத்தான் எந்திரிச்சி முட்டியத் தட்டிவிட்டுட்டு ஒரே ஒரு வார்த்த சொன்னார், "கடல இப்படி மேல நின்னு பாக்கப்பிடாது மாப்ளே." அதுக்குப் பெறவு அதப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. பேசியிருக்கணும். அன்னைக்கே, முட்டியில அந்தக் கம்பித் தடம் மறையுததுக்கு முன்னாலயே பேசியிருக்கணும். நான் என்ன பண்ணுனேன், ரூமுக்கு வந்து கருவாட்டக் குழம்பு வச்சிக் குடுத்தேன், அவருக்குப் பிடிக்கும்னு. கோட்டிக்காரப் பய நான். குழம்பு வச்சாப் பயம் போயிருமோ.

வலது கையில என்ன அது, இறுக்கிப் பிடிச்சிட்டுப் போறார், ஏதோ கறுப்பா வெளிய தொங்குதே. செபமாலை. அப்போ அதுதான் காரியம். செபமாலைய வலது கையில வச்சிக்கிட்டா கொக்கிக்கு மிச்சம் இடது கைதான், இடது கைக்கு ஒரு கொக்கிதானே வசப்படும். கம்பத்துக்கு ஒரு மங்கள வார்த்த ஜெபமாச் சொல்லிட்டுப் போறார், ஒதடு அசையுதது பக்கவாட்டுல தெரியுது, கம்பம் வந்ததும் ஒரு மணி நகருது. அத்தான், நீங்க மாதாவ வச்சி உங்களத் தாங்கச் சொல்லுதியளா இல்ல மாதா கையில இருந்து உங்களக் கழத்திக்கிட்டு வாரியளா. சிரிப்பு வருது எனக்கு. இது இன்னைக்குத்தானா? ஐயோ. நேத்து மூடுபனி, முன்னால போற ஆளு முதுகு கூடத் தெரியல, அதுக்கு முந்தின நாளும் பனி. தெனமும் இப்படித்தானோ. இந்த மனுசன் தெனமும் இந்தத் தண்ணிக்கு மேல கம்பத்துக்குக் கம்பம் ஒண்ணுமில்லாமத்தான் போயிட்டு வந்தாரோ. நான் பின்னாலயே, சாயங்காலம் என்ன மீன் வாங்கலாம்னு யோசிச்சிக்கிட்டே வந்திருக்கேன். பின்னால வாரதே தப்பு. போர்மேன் முன்னால போய்க் கயித்தப் பாத்துட்டுப் போணும்ங்கதுதான் இங்க உள்ள வழக்கம், போர்மேனான நான்தான் அத்தான முன்னால விட்டுட்டு வாரது, அக்கா வீட்டுக்காரருக்கு முதுகக் காட்டிட்டு நடக்கதுக்கு எனக்கு வரல. இன்னொரு கம்பம். கழத்திட்டார். மணி நகரல. ஏன் நகரல, எங்க நிக்கிதாம் ஜெபம், மாட்டுங்க அத்தான், மாட்டிட்டுச் சொல்லுங்க. ஆ. மாட்டிட்டார்.

மேல கோபுரத்து உச்சியில கிளம்பும்போது பாத்திருக்கணும். அதுக்குன்னே ஒரு மொற இருக்கே. சோடியாப் போறவன் ஒருத்தன் இடுப்புப் பெல்ட்ட இன்னொருத்தன் கையால பிடிச்சி உலுக்கி இழுத்துப் பாக்கணும், ரெண்டு கொக்கியையும் பிடிச்சி ஆட்டிப் பாக்கணும், கண்ணால பாத்தாப் போதாது, வாயால கேட்டாச் செல்லாது, கை படணும். பிலிப்பைன்ஸ்காரப் பயலுவ ஒருத்தன ஒருத்தன் இழுத்துச் சிரிச்சிக்கிட்டுத்தான் எறங்குதானுவ. நானும் எல்லாரையும் இழுத்துப் பாக்கேன், நல்லா ஆளு தள்ளாடுத மாதிரி இழுப்பேன், அதுல எனக்கு ஒரு பேரே உண்டு. அத்தான் பக்கம் வந்தா மட்டும் என் கை பெல்ட்டுக்குப் போவாது. "சரிதான அத்தான்?"னு கேப்பேன். "ம்"ம்பார். முடிஞ்சிது. கேட்டேன்லா, சொன்னார்லா. அவரு போட்டுல நான் தொழிலுக்குப் போன காலத்துல சம்மாட்டிகிட்ட போய், நங்கூரம் போட்டாச்சா, கயிறு இறுக்கமான்னு ஒருத்தன் கேப்பானா? கேட்டாக் கரையில நாலு பேரு மொகத்துல முழிக்க முடியுமா? அவரு கட்டுன முடிச்ச இன்னொருத்தன் தொட்டுப் பாக்கதுன்னா அது வேற பேச்சு, அடிதடியில போய் நிக்கும். அதுவும் நான், அக்காவக் கட்டுன மனுசன் இடுப்பப் பிடிச்சி, சின்னப் பிள்ளைக்கி டவுசர் நாடாவப் பாக்க மாதிரி. முடியல. மத்தவன் உசிருன்னாக் கை நீளுது, சொந்தத்துக்கு மரியாத குடுத்து உசிர விட்டுட்டேன் பாத்தியா. இத வெளிய யாருகிட்டயாவது சொன்னா நம்புவானா. குரியன் சார்கிட்டச் சொன்னா, எந்தா ரெமீ, நிங்கள் பைத்தியமான்னு கேப்பார். ஆமா சார், எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பைத்தியம்.

நானா கூட்டிட்டு வந்தேன்? நான்தான். அக்காதான் கேட்டா. சரி, அக்கா கேட்டா, ஆனா தலையாட்டுனது யாரு. ஊர்ல அடிச்ச ஒரு புயல்ல அவரு போட்டு தூண்டில் பாலத்துல, அலைய மறிக்கக் கடலுக்குள்ள போட்ட கல்லுச் சுவத்துல, மோதிச் செதறினதுக்குப் பெறவு அத்தான் கடல் பக்கம் மூஞ்சியத் திருப்பல, மத்தவன் வலைய வாங்கிப் பொத்தலடைச்சிக்கிட்டுப் பட்டறைச் சுவத்துல சாஞ்சி உக்காந்திருக்கார்னு அக்கா போன்ல சொன்னா. பிலோமி அக்கா அழுதா எனக்குத் தாங்காது, அவ அழவும் மாட்டா, மூக்க உறிஞ்சிட்டுப் பேச்ச மாத்துவா. "அங்க உன்கூட வச்சிக்கிடேன்ல, கயித்து வேலதான, அவருக்குத் தெரியாத கயிறா"ன்னா. நானும் ஆமா அக்கா, அவருக்குத் தெரியாத கயிறான்னேன். பெரிய மனுசன் மாதிரி சொன்னேன். கயிறு தெரியும், கடல் தெரியும், பெறவு என்ன வேணும். உயரம்னு ஒண்ணு இருக்கே, அது எங்க ரெண்டு பேரு புத்தியிலயும் தட்டல. போட்டுல கடல் கைக்கு எட்டுத தூரத்துல கெடக்கும், குனிஞ்சி மொகம் கழுவலாம், எட்டித் துப்பலாம். இங்க பாரு, அதுல போற கப்பலே சோப்பு டப்பா மாதிரி இருக்கு. வந்த புதுசுல அவருக்கு எம்புட்டுச் சந்தோசம். கோபுரத்தத் தடவிப் பாத்துட்டு, "இது நம்ம பேரன் காலத்துக்கும் நிக்கும் என்னா"ன்னார். கேபிள் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பி, கரையில பூராவும் கஸ்பார் பாலம் கட்டுதார்னு பேச்சு. இப்பம் பயந்து திரும்பி வந்துட்டார்னு எப்படிப் போய் நிப்பார் அந்த மனுசன். கடல் பயம்னா அங்க சாவு பயத்த விட மோசம். குரியன் சார் மொற ஒண்ணே ஒண்ணுதான், ஒரு தடவ கொக்கி இல்லாம மேல நின்னவன் மறுபடி மேல ஏறக்கூடாது, அவனுக்கு ஊருக்கு டிக்கெட்டு. அத்தான் அந்தச் சுவத்துல போய்ச் சாஞ்சி உக்காருவார், ஆயுசுக்கும். அக்கா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. அதுக்கு நான் காரணமா இருப்பேன். இல்லன்னா, இல்லன்னா வேற ஒண்ணுக்குக் காரணமா இருப்பேன். அத அக்காவுக்கு எந்த வாயால போன் போட்டுச் சொல்லுவேன்.

காத்து மாறுது. கன்னத்துல தெரியுது, வடக்க இருந்து வாரது குளுந்து வரும், வலை மெள்ளக் கிர்ருன்னு சத்தம் போடும் மொதல்ல, இப்பம் போடுது. அத்தான் அடுத்த கம்பத்துக்கு ஏழெட்டு எட்டுதான். ரெமிஜியுசு, மரியாதைய எல்லாம் பெறவு பாத்துக்கிடுலே, ஓடு. ஓடாத, ஓடினா வலை குதிக்கும், அவருக்குத் தெரிஞ்சிரும், நீட்டி நீட்டி எட்டு வையி. என் கொக்கிய நான் ஒழுங்கா மாட்டணும், இந்தக் கம்பத்துல கழத்து, மாட்டு, அடுத்ததக் கழத்து, மாட்டு, சவம் இந்த நேரத்துலயா வாய் தொறக்க மாட்டேங்கணும் இந்தக் கொக்கி. அவரு கம்பத்துகிட்டப் போயாச்சி. இடது கை கொக்கிக்குப் போவுது. ரெண்டே எட்டு. அத்தான் பொறுங்க, பொறுங்க, மனசுக்குள்ளதான் கத்துதேன், வாய்ல இருந்து புஸ்ஸுன்னு காத்துதான் வருது. கழத்திட்டார். வலை சரியிது. நான் எட்டி அவரு பெல்ட்டோட முதுகுப் பட்டைய, அதுல இருக்க இரும்பு வளையத்த, ஒரே பிடி. பிடிச்சிட்டேன். என் ஒரு கொக்கியக் கழத்தி அவரு வளையத்துல மாட்டிட்டேன், இப்பம் அவரும் நானும் என் இன்னொரு கொக்கியில. காத்து எங்கள ஒரு பக்கமாச் சாச்சிட்டு மெள்ள விட்டுது. அவரு திரும்பல. முதுகு மட்டும் கல்லு மாதிரி இறுகி நிக்கி, என் கை அதுல இருக்கு. ரொம்ப நேரம் கழிச்சி அவரு இடது கை மெள்ளப் போய்க் கொக்கியக் கயித்துல மாட்டிச்சி. டக்குன்னு சத்தம் கேட்டுது. அந்தச் சத்தத்துக்கு எனக்கு அழுக வந்துட்டு.

நடு எடம் வரைக்கும் அப்படியே போனோம், நான் அவரப் பிடிச்சி விட்டுக்கிட்டே, கம்பத்துக்குக் கம்பம் நானே மாட்டி நானே கழத்தி. கிளாம்புகிட்டப் பலகத் தளம் இருக்கு, அதுல உக்காந்தோம். மூச்சு வாங்குது. செபமாலைய வெரல்ல சுத்திக்கிட்டே, "எப்பம் பாத்த?"ன்னார். "இப்பந்தான் அத்தான்"னேன். "பொய்யி"ன்னார். "மாட்டத் தெரியாம இல்ல மாப்ளே. கை வர மாட்டேங்கு. அதப் பிடிச்சிருந்தாத்தான் காலு நடக்கு." தெரியும்னு தலையாட்டுனேன். "இன்னும் கொஞ்ச நாள்ல ரோட்டத் தொங்கவிட்டுருவாங்கள்லா. அது வந்துட்டா கீழ தண்ணி தெரியாது. அது வரைக்குந்தான். சமாளிச்சிருவேன்." சின்னப் பையன் கணக்கா என் மூஞ்சியவே பாக்கார். கஸ்பார் சம்மாட்டி எங்கிட்டக் கேட்டு நிக்கார். சரி அத்தான்னு சொல்லிரு, தெனமும் நீயே பக்கத்துல போ, நீயே மாட்டு, ரோடு வாரது வரைக்குந்தானன்னு மனசு சொல்லுது, ஆனா ஒரு காய்ச்சல்ல நான் படுத்துட்டா அன்னைக்கு யாரு மாட்டுவா, ஒரு நாள் என் கொக்கி வாய் தொறக்காம நின்னா, ரெண்டு எட்டு லேட்டாப் போனா. இன்னைக்கே ரெண்டு எட்டுதான். அப்பம்தான் வாக்கி கரகரன்னுது. "ரெமீ, நடுவுல வந்தாச்சோ? ரெண்டாளும் ஓகே அல்லே?" அத்தான் வாக்கியப் பாக்கார். என்னப் பாக்கார். ஸ்பேனர் மாட்டிக்கிட்டுன்னு சொன்ன அதே வாய்தான் இது, ஓகே சார்னு சொல்ல அதுக்குத் தெரியும். பட்டன அமுக்குனேன். "சார், கஸ்பார் கொக்கி இல்லாம வந்தாரு. நான் பாத்தேன். கீழ கூட்டிட்டு வாரேன். இனிமே அவர மேல அனுப்பாதீங்க." பெறவு, "சரி. மெள்ள வாங்க"ன்னு மட்டும் வந்துச்சி.

அத்தான் தண்ணியப் பாத்தார். மொத மொறையா நல்லா குனிஞ்சி, பயப்படாமப் பாத்தார். "நீ என் போட்டுல ஏறுன மொத நாளு," மெள்ளத்தான் சொன்னார், "கரை மறைஞ்சதும் போட்டு மூக்குல, அணியத்துல, குப்புறப் படுத்துட்டு அம்மா அம்மான்னு அழுத. கரைக்குக் கொண்டு விட்டுருங்கன்னு என் காலப் பிடிச்ச. போட்டத் திருப்பி உன்னிய எறக்கி விட்டேன். எஞ்சின் கோளாறுன்னு எல்லார்ட்டயும் சொன்னேன், ஒரு நாள் தொழிலு போச்சி. மறுநாளும் உன்னிய ஏத்துனேன். உங்க அக்காகிட்டக்கூட நான் இன்னைக்கு வரைக்கும் சொல்லல மாப்ளே." ஆமா அத்தான், நீங்க சொல்லல. ஆனா அன்னைக்குப் படுத்துக் கெடந்தாலும் போட்டு என்னத் தாங்கிச்சி, இங்க என்ன இருக்கு தாங்குததுக்கு. இத நான் சொல்லலாம். சொன்னா நியாயமா இருக்கும். நியாயத்த வச்சிக்கிட்டு நான் என்ன பண்ண. அவரு எந்திரிச்சிட்டார். செபமாலைக்கு முத்தம் குடுத்துச் சட்டைக்குள்ள போட்டுட்டு, என் கொக்கிய அவரு வளையத்துல இருந்து அவரே கழத்தி என் கையில குடுத்தார், பத்திரமா, கீழ விழாம. பெறவு ரெண்டு கொக்கியையும் ஒண்ணொண்ணாக் கயித்துல மாட்டிட்டு, "பாத்துக்கிடுங்க"ன்னார். நீ, மாப்ளேன்னு கூப்பிட்ட என்னிய. பாத்துக்கிடுங்கன்னு.

திரும்பி வாரது ஏத்தம். கோபுரம் தூரத்துல நிக்கி. அத்தான் முன்னால போறார். கம்பம் வந்தா ஒண்ணக் கழத்துதார், அங்கிட்டு மாட்டுதார், அடுத்ததக் கழத்துதார், மாட்டுதார். மாட்டிட்டு, மூஞ்சியத் திருப்பாம, கைய மட்டும் தூக்கிக் காட்டிட்டு நிக்கார். நான் பாத்துட்டுச் சொல்லணும். சொல்லுத வரைக்கும் அடுத்த எட்டு வைக்க மாட்டேங்கார். உசிரோட வீட்டுக்குப் போவார், அக்கா கையில உசிரோட குடுத்திருவேன், அது போதும், அதுக்குத்தானே பண்ணுனேன், போதும்னு நெனச்சிக்கிடுதேன், நெஞ்சு கேக்க மாட்டேங்கு. இந்தா அடுத்த கம்பம். கையத் தூக்கிட்டார்.

"சரி"ங்கேன்.